மணி அடித்த பிள்ளை

அது என் பையில்தான் தம்பி. நீங்கள் தேட வேண்டாம். பித்தளை மணி. வகுப்பில் கையில் பிடித்து ஆட்டுகிற சின்ன மணி. வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் தானாக ஒரு அடி அடித்துக்கொள்கிறது. கைக்குட்டை சுற்றித்தான் வைத்திருக்கிறது. என் கைக்குட்டை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

உட்காருங்கள். ஜன்னலோரமாகவே உட்காருங்கள். ஒருத்திக்காகப் போட்டு வைத்த இடம் அது, அவள் வரவில்லை. நீங்களும் சங்கரன்கோவில்தானே? நல்லதாகப் போயிற்று. எனக்கு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது இல்லை, கடைசியில். விஷயத்தைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. கணக்கு டீச்சர் அப்படித்தான். முதலில் கணக்கை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கேள்வி.

என் பெயர் கோமதி. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு, அம்மன் பெயர் அல்லவா. ஆனால் கோமதி டீச்சர் என்றால் நான் ஒருத்திதான். உதவி பெறும் தொடக்கப் பள்ளி. மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளுக்குக் கணக்கு. இந்த வருஷத்தோடு ஓய்வு. நான் பேசுவது புத்தகம் வாசிப்பது போல இருக்கிறதென்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். காலமெல்லாம் பிள்ளைகளுக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்ன வாய். இனி மாறாது.

தென்காசியில் என் மகள் இருக்கிறாள். செண்பகவல்லி. அங்கே ஒரு சின்ன நர்சரி, பிரைமரிப் பள்ளியில் டீச்சர். அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் காலையில் வந்தேன். கூட்டிக்கொண்டு போகவில்லை. பார்க்கிறீர்கள் அல்லவா, நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் அந்த இடத்தில்.

விளையாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். எல்லாம் அதிலிருந்துதான்.

பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை, கணக்கு வரவில்லை என்கிறார்களே, அது கணக்கு இல்லை தம்பி. சொல். பதினேழு நெல்லிக்காயை ஐந்து பேருக்குப் பங்கு போடு என்றால் எந்தப் பிள்ளையும் போட்டுவிடும். சண்டை வராமல் போடும். அதையே தாளில் 'ஈவு காண்க, மீதி காண்க' என்று எழுதிக் கொடுங்கள். அப்படியே விழிக்கும். என்னிடம் இசக்கிராஜா என்று ஒருவன் படித்தான். "ஈவுன்னா என்னடா?" என்றேன். "கொள்ளு மாதிரி ஒரு தானியம் டீச்சர், மாட்டுக்கு வைப்பாங்க" என்றான். கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னான். வீட்டில் மாடு இருக்கிறது, அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

அன்றுதான் முடிவு செய்தேன். சொல்லை எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ணச் சொன்னால் அது நாக்கில்தான் நிற்கும். காலுக்குப் போக வேண்டும். ஓடிப் போய் அந்தச் சொல்லுக்குள்ளே நிற்க வேண்டும். அதற்குத்தான் 'சொல் வீடு' என்று ஒரு விளையாட்டு உண்டாக்கினேன். எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. நானாக யோசித்தது.

வகுப்புத் தரையில் சாக்பீஸால் பெரிய பெரிய வட்டம். அதுதான் வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர். கூடுதல், வித்தியாசம், ஈவு, மீதி, முன்னி, தொடரி. எண்ணுக்கு முன்னால் வருவது முன்னி, பின்னால் வருவது தொடரி, உங்கள் காலத்துப் பாடத்திலும் இருந்திருக்கும். பிள்ளைகள் சுவரோரம் நிற்பார்கள். நான் ஒன்று சொல்வேன். "பதினேழு நெல்லிக்காய். அஞ்சு பேருக்குச் சமமாக் குடுத்தாச்சு. ஆளுக்கு மூணு. டப்பாவுல ரெண்டு கிடக்கு. அந்த ரெண்டும் எந்த வீட்டுப் பிள்ளை?" அவ்வளவுதான், ஓட்டம். மீதி வீட்டுக்குள் போய் நிற்கிறவர்களுக்கு மணி அடிக்கும். தப்பான வீட்டுக்குப் போனவர்கள் வெளியே. கடைசி வரை நிற்கிறவருக்குப் பரிசு.

இசக்கிராஜா எதற்கும் வித்தியாசம் வீட்டுக்குத்தான் ஓடுவான். "ஏண்டா அங்கயே போய் நிக்கிறே?" என்றால், "அங்கனதான் டீச்சர் காத்து வருது" என்பான். அந்த வீடு ஜன்னலுக்கு நேராக இருந்தது. மறுநாள் வீட்டை இடம் மாற்றி வரைந்தேன். அவனும் மாறினான். ஆனால் கேளுங்கள், அந்த வகுப்பு முடிவதற்குள் அவனுக்கு ஆறு வீடும் தெரிந்துவிட்டது. காலால் படித்தது மறக்காது.

செண்பாவும் அந்த இசக்கிராஜாவோடு என் வகுப்பில்தான். மூன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். வேறு பள்ளியில் போடலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. என் பள்ளியில் என் பிள்ளையே படிக்கவில்லை என்றால் ஊரார் பிள்ளையை எந்த முகத்தோடு கேட்பது?

சேர்த்த அன்று காலையில் கேட்டுக்கு வெளியே நிறுத்திச் சொன்னேன். "இந்தக் கேட்டுக்கு உள்ளே நான் டீச்சர். உனக்கும் டீச்சர். வெளியே வந்தா அம்மா. சரியா?" தலையை ஆட்டினாள். ஒரு தடவை சொன்னால் போதும் அவளுக்கு. மற்ற டீச்சர் பிள்ளைகள் எல்லாம் இடைவேளையில் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலையும். என் மகள் ஒரு நாள் அலைந்தது கிடையாது.

ஒருமுறை மைதானத்தில் விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. தம்பி, யாராக இருந்தாலும் விழுந்தால் என்ன சொல்லிக் கத்துவோம்? கிழவர்கள்கூட அம்மா என்றுதான் கத்துவார்கள். இவள் "டீச்சர்!" என்று கத்தினாள். வலி உயிர் போகிறது, அப்போதும் "டீச்சர், டீச்சர்" என்றே கத்தினாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்து, "என்ன டீச்சர் இது, என்ன வளர்ப்பு!" என்றார். அவர் அவ்வளவு லேசில் யாரையும் பாராட்ட மாட்டார்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன்.

செண்பா முதல் முறை விளையாடிய அன்றைக்கே ஜெயித்தாள். கடைசியாகத் தொடரி வீட்டில் தனியாக நின்றாள். பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க. நான்தான் மணி அடித்தேன். பரிசு ஒரு வாசனை ரப்பர், ஸ்ட்ராபெர்ரி வாசனை. அன்று சாயங்காலம் கேட்டில் ஒரு பையனுடைய அம்மா நின்று பேசுகிறாள், என் காதில் விழட்டும் என்றே பேசுகிறாள். "டீச்சர் மவ ஜெயிக்காம வேற எவ ஜெயிப்பா? ராத்திரியே சொல்லிக் குடுத்திருப்பாங்கல்லா."

நான் சொல்லிக் கொடுத்தேனா? சத்தியமாக இல்லை தம்பி. வீட்டில் அவளுக்கு ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தது கிடையாது. அவளாக நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், "நாளைக்கு வகுப்புல எல்லாரோடயும் சேர்ந்து கேளு" என்று அனுப்பிவிடுவேன். அவ்வளவு கவனம். அப்படி இருந்தும் பேச்சு வந்ததே.

வீட்டுக்கு வந்ததும் அந்த ரப்பரைத் திருப்பிக் கேட்டேன். அழவில்லை. மூக்கில் வைத்து நன்றாக ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தாள். மறுநாள் இரண்டாவதாக வந்த பிள்ளைக்குக் கொடுத்தேன். அதோடு ஒரு விதியும் போட்டேன். இனிமேல் மணி செண்பா கையில். எந்த வீடு சரி என்று அவளுக்குத் தெரியும், ஆகவே அவள் ஓட வேண்டாம், மணி அடிக்கட்டும். இந்த மணிதான். நானே மெருகு போட்டுக் கொடுத்தேன். எவ்வளவு பெரிய பொறுப்பு! வகுப்பே அவள் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, பள்ளியை விட்டுப் போகிற வரைக்கும் மணி அவள் கையில்தான். ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை அதற்குப் பிறகு.

நடுவில் ஒரே ஒரு தடவை சேட்டை செய்தாள். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள். இவள் மணியை மேசை மேல் வைத்துவிட்டு அவளும் ஓடி வீட்டுக்குள் போய் நின்றுவிட்டாள். சரியான வீடுதான். "மணி யார் அடிக்கிறது?" என்றேன். திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள். அடுத்த கேள்விக்கு வேண்டுமென்றே தப்பான வீட்டுக்கு மணி அடித்தாள். காத்து வாங்கிக்கொண்டு நின்ற இசக்கிராஜாவுக்கு அடித்தாள். அவன் பாவம், "எனக்கா?" என்று திருதிருவென விழிக்கிறான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

கன்னத்தில் ஒன்று வைத்தேன்.

நான் பிள்ளைகளைத் தொடுகிறவள் இல்லை தம்பி. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். என் வகுப்பில் குச்சி இருந்ததே கிடையாது. அவள் ஒருத்தியைத்தான். அதுவும் அந்த ஒரு தடவைதான். என் பிள்ளை என்கிற உரிமை. அது அவளுக்கும் தெரிந்திருக்கும். ஏனென்றால் அதற்குப் பிறகு மணி ஒரு நாளும் தப்பவில்லை.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவளுக்கு நான் குறை வைக்கவில்லை. ஆனாலும் ப்ளஸ் டூ முடித்ததும் ஆசிரியர் பயிற்சிக்கு எங்கோ தள்ளி விடுதியில் போய்ச் சேர்ந்தாள். உள்ளூரிலேயே இடம் கிடைத்தது, வேண்டாம் என்றாள். படித்து முடித்துத் தென்காசியில் வேலை. ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். தீபாவளிக்கு வருவாள், கோயில் தபசுத் திருவிழாவுக்கு வருவாள், மறுநாளே பையைத் தூக்கிவிடுவாள். அப்பாவோடு போனில் மணிக்கணக்கில் பேசுவாள். சிரிப்புச் சத்தம் சமையலறை வரை கேட்கும். நான் வாங்கினால், "சொல்லுங்க டீச்சர்" என்பாள்.

ஆமாம், இன்றைக்கும் டீச்சர்தான். கேட்டைத் தாண்டினால் அம்மா என்று சொன்னேன் அல்லவா? முதலில் அப்படித்தான் இருந்தாள். கேட்டைத் தாண்டியதும் ஓடி வந்து கையைப் பிடிப்பாள். பிறகு மெல்ல மெல்லத் தெரு முனை தாண்டித்தான் பிடித்தாள். பிறகு வீட்டு வாசலில். ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் வீட்டிலும் டீச்சர் என்றே வந்துவிட்டது. பழக்கம். மற்ற பெண்கள் பெற்ற தாயை நீ, வா, போ என்கிறார்கள். காதால் கேட்க முடிவதில்லை. என் மகள் 'நீங்க, வாங்க' என்பாள். அந்த மரியாதையைப் பக்கத்து வீட்டில்கூடச் சொல்லிச் சொல்லி வியப்பார்கள்.

காய்காரர் அம்மா என்கிறார். சற்று முன் கண்டக்டர் அம்மா என்றார். கேட்டீர்கள் அல்லவா. யார் யாரோ சொல்கிறார்கள்.

இருக்கட்டும். இப்போது எனக்கு ஓய்வு வருகிறதல்லவா, அந்த இடத்துக்கு யாரைப் போடுவது என்று எங்கள் தாளாளர் யோசித்துக்கொண்டிருந்தார். நேரில் போய்ப் பேசினேன். "உங்க மகளே வரட்டும் டீச்சர், எங்களுக்கென்ன" என்று சொல்லிவிட்டார். அதே வகுப்பு தம்பி. அதே கரும்பலகை. நான் உட்கார்ந்த நாற்காலி. அதைவிட ஒரு தாய் என்ன கொடுத்துவிட முடியும்? போனில் சொல்கிற செய்தியா இது? நேரில் சொல்லிக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

இன்றைக்கு அவள் பள்ளியில் கணிதத் திருவிழா. பெற்றோரை எல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள். அது எனக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு, "போகாத கோமதி. அவ கூப்பிடல" என்றார். "பெத்தவ போறதுக்குப் பத்திரிகை வைக்கணுமா?" என்று கிளம்பிவிட்டேன். மணியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன். நாற்காலியோடு மணியும் அவளுக்குத்தானே.

போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் கவனிக்கவில்லை. பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, சாக்பீஸை எடுத்துக் குனிந்து தரையில் வட்டம் போடுகிறாள். ஒன்று, இரண்டு. கூடுதல், வித்தியாசம், ஈவு, மீதி, முன்னி, தொடரி. என் விளையாட்டு தம்பி! மறக்கவில்லை பாருங்கள். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொன்னேன், "இது நான் உண்டாக்கினது. அது என் மக." அந்த அம்மா முன்னால் இருந்தவர்களிடம் சொல்லி, நாலைந்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன், விளையாட்டின் விதிகளை எல்லாம் கெடுத்து வைத்திருக்கிறாள்.

மணி யார் கையிலும் இல்லை. ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். சரியான வீட்டுக்குப் போனவர்கள் யார் வேண்டுமானாலும் ஓடி வந்து அடிக்கலாம். ஒரே நேரத்தில் ஐந்தாறு கை. காது கிழிகிறது. தப்பான வீட்டுக்குப் போன பிள்ளை வெளியே போவதும் இல்லை. "நீ ஏன் இங்க வந்தே, சொல்லு?" என்று உட்கார்ந்து கேட்கிறாள். அந்தப் பிள்ளை காரணம் சொல்கிறது. "அட, நல்லா யோசிச்சிருக்கியே! இப்ப எந்த வீட்டுக்குப் போவே?" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறாள். அப்புறம் யார் தோற்பது? யாருமே தோற்காவிட்டால் அது என்ன விளையாட்டு?

நடுவில் இன்னொன்று. அந்தப் பள்ளி ஆயாவின் மகளும் அந்த வகுப்பில்தான் படிக்கிறது. மகிழினி என்று பெயர், வாலு. ஓடும்போது கால் தடுக்கி விழுந்துவிட்டது. விழுந்ததும் "அம்மா!" என்று ஒரு கத்தல். வராந்தாவில் கூட்டிக்கொண்டிருந்த ஆயா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வருகிறாள். வகுப்புக்குள்ளே! இத்தனை பெற்றோர் இருக்கிறார்கள், அதையெல்லாம் பார்க்காமல் உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு முழங்காலை ஊதுகிறாள். ஒரு வட்டம் பாதி அழிந்துவிட்டது. என் பள்ளியாக இருந்தால் தலைமையாசிரியர் தாம் தூம் என்று குதித்திருப்பார். செண்பா விளையாட்டை நிறுத்திவிட்டு அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே நின்றாள். "மெதுவா வரட்டும்க்கா, அவசரமில்ல" என்றாள்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். நேராக என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். சாக்பீஸ் தூசி அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து முன்னால் போனேன். பிழையை யார் செய்தாலும் பிழைதானே. "ஒரு விதி விட்டுப்போச்சு" என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி. "மணி ஒருத்தர் கையில இருக்கணும். அப்பதான் ஒழுங்கு."

அவள் கோபப்படவில்லை. பிள்ளைகளிடம் திரும்பி, "இவங்க எங்க டீச்சர். எனக்குக் கணக்கு எடுத்தவங்க. வணக்கம் சொல்லுங்க" என்றாள். "வ-ண-க்-க-ம் டீச்சர்" என்று கோரஸாகச் சொன்னார்கள். பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். என் மகள் என்று சற்று முன்தான் சொல்லியிருந்தேன் அல்லவா.

ஒரு பொடியன் கேட்டான், "மிஸ், சின்னப் பிள்ளையில நீங்க இதுல ஜெயிப்பீங்களா?"

"நான் விளையாடினதில்லடா. மணி அடிப்பேன்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"ஐயோ பாவம்!" என்றது அந்த மகிழினி, அம்மா மடியில் இருந்துகொண்டே. பாவமாம்! எவ்வளவு பெரிய பொறுப்பு என்று அந்தக் குட்டிக்கு என்ன தெரியும்? உடனே எல்லாமாகப் பிடித்துக்கொண்டன. "இப்ப விளையாடுங்க மிஸ்! வாங்க மிஸ்!" ஒரே இழுப்பு. ஆயா மகளும் காலை மறந்துவிட்டு இறங்கி வந்துவிட்டது.

செண்பா என்னைப் பார்த்தாள். "நீங்க கேள்வி கேளுங்க டீச்சர். நான் ஓடுறேன்." சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரோரம் பிள்ளைகளோடு போய் நின்றாள். வளர்ந்த பெண். நான் பையிலிருந்து மணியை எடுத்தேன்.

"நாப்பதுக்கு அடுத்து வந்து நிக்கிறவன் எந்த வீட்டுப் பிள்ளை?"

ஓடினாள் தம்பி. அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. முதலில் போய்த் தொடரி வீட்டில் நின்றுவிட்டாள். ஒரு கையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, சிரித்த முகத்தோடு என் கையைப் பார்க்கிறாள். மணி இருக்கிற கையை. எனக்கு அப்படியே அந்த மூன்றாம் வகுப்பு. பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றதே அந்தப் பிள்ளை.

நான் என்ன செய்வது? இத்தனை பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள். என் மகள் என்று நானே சொல்லியிருக்கிறேன். அவளுக்குப் பின்னாலேயே அந்த ஆயா மகளும் வீட்டுக்குள் கால் வைத்தது. அதைக் காட்டி, "நீதாம்மா முதல்ல!" என்று சொல்லி மணி அடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஆயாவுக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. ஒருவரும் குறை சொல்ல முடியாத தீர்ப்பு. நியாயமாகத்தானே நடந்தேன்? சொல்லுங்கள்.

செண்பாவும் தட்டினாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சாக்பீஸ் கோடு அழிந்துவிடாமல் காலைத் தூக்கி வைத்து மெதுவாக வீட்டை விட்டு வெளியே வந்தாள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு அந்தச் செய்தியைச் சொன்னேன். தாளாளர், நாற்காலி, வகுப்பு எல்லாம் சொல்லி மணியையும் நீட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "வேண்டாம் டீச்சர்" என்கிறாள்.

"ஏன்?"

"இங்க பிள்ளைங்க என்னைத் தேடும்."

நான் தேடவில்லையா? அந்தக் கேள்வி வாய் வரை வந்தது தம்பி. அதெல்லாம் கேட்டு வாங்குகிற விஷயமா? கேட்கவில்லை. "அங்கேயும் பிள்ளைங்கதானே" என்றேன். அதற்கு அவள் சொன்ன பதில்தான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. "இன்னைக்காவது எனக்கு மணி அடிப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அடித்தேனே! வகுப்பு முழுக்கக் கேட்டதே! அவள் அந்த வீட்டுக்குள்தானே நின்றாள், அவளுக்கும் சேர்த்துத்தானே அது? அதைச் சொன்னேன். சிரித்தாள். அவள் அப்பாவோடு போனில் சிரிக்கிற சிரிப்பு இல்லை.

மணியை என் கையிலிருந்து வாங்கி, தன் கைக்குட்டையை எடுத்துச் சுற்றி, பத்திரமாக என் பையிலேயே வைத்தாள். "உங்ககிட்டயே இருக்கட்டும். வாங்க, பஸ் ஏத்தி விடுறேன்" என்றாள். ஸ்டாண்டு வரை என் பையை அவள்தான் சுமந்து வந்தாள். தண்ணீர் பாட்டில், இரண்டு வாழைப்பழம். "கவனமாப் போங்க." ஜன்னலோரம் உட்காரவில்லை நான். கடைசி நிமிஷம் வரை ஏறிவிடுவாள் என்றுதான் அந்த இடத்தை விட்டு வைத்திருந்தேன்.

இப்போது கேட்கிறேன் தம்பி.

வண்டி ஸ்டாண்டை விட்டுப் புறப்பட்டபோது நீங்கள் எனக்கு முன்னால் இருந்த ஜன்னலில் கடலை வாங்கிக்கொண்டு நின்றீர்கள். எனக்கு நினைவிருக்கிறது. பச்சைச் சேலை கட்டிய பெண் ஒருத்தி வண்டி கூடவே இரண்டடி வந்தாள் அல்லவா? அவள்தான் செண்பா. கையைத் தூக்கி ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள். அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. பை சரிந்து மணி உருண்டு சீட்டுக்கு அடியில் அடித்துக்கொண்டே போகிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சத்தத்தை நிறுத்த வேண்டுமே என்று நான் குனிந்துவிட்டேன். நிமிர்வதற்குள் வண்டி வெளியே வந்துவிட்டது.

உங்களுக்குக் கேட்டிருக்கும். அவ்வளவு பக்கத்தில் நின்றீர்கள். அவள் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாள்?

டீச்சர் என்றுதான் இருக்கும். வேறென்ன. இத்தனை வருஷப் பழக்கம்.

கேட்டதா உங்களுக்கு?

இல்லை, இப்போது சொல்லாதீர்கள். வீரசிகாமணி ஸ்டாப்பே இப்போதுதான் வருகிறது. இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கிறது. அதுவரை நான் இந்த மணியைப் பிடித்துக்கொண்டு இப்படியே உட்கார்ந்திருக்கிறேன். ஊர் வந்து நான் படியில் இறங்கும்போது சொன்னால் போதும்.